ஆண்குறி மரத்துப்போகிறது என்றால் எந்த நரம்பைச் சந்தேகிப்பது?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வயது 34. சனி, ஞாயிறுகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 70, 80 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுகிறீர்கள். ஓட்டி முடித்ததும் ஆண்குறி மரத்துப்போகும், ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிடும். மூன்று வாரமாக அப்படித் தெளியவில்லை. காலையில் விறைப்பு வருகிறது, ஆனால் தொட்டால் துணிக்கு மேல் தொட்டதுபோல இருக்கிறது. இரண்டு வருடமாக இடுப்பில் லேசான வலி உண்டு. சர்க்கரை 'பார்டரில்' இருப்பதாகச் சொன்னார்கள். மருந்துக்கடையில் கேட்டு ஒரு மாதமாக நரம்பு மாத்திரை சாப்பிடுகிறீர்கள். இவ்வளவையும் எழுதிவிட்டு, எந்தெந்த நரம்புக் கோளாறால் இப்படி வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி இரண்டு வரிகளில் கைப்பழக்கத்தைப் பற்றியும், இன்னும் மனைவியிடம் சொல்லவில்லை என்பதைப் பற்றியும் எழுதியிருப்பதைப் பார்த்தால், கேட்க வந்தது வேறு என்று தோன்றுகிறது. போன உணர்ச்சி திரும்ப வருமா, இதை நானே வரவழைத்துக்கொண்டேனா என்பதுதான் அது. எல்லாவற்றுக்கும் எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

நான் நரம்பியல் மருத்துவர். வெளிநோயாளிப் பிரிவில் உட்கார ஆரம்பித்து 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்தப் புகாரை முதல் வாக்கியத்திலேயே சொல்பவர்கள் குறைவு. முதுகுவலி என்று வருவார்கள், கால் மரமரப்பு என்று வருவார்கள், எல்லாம் பேசி முடித்துச் சீட்டையும் வாங்கிக்கொண்டு கதவு வரை போய், அங்கே நின்று திரும்பி, "இன்னொரு விஷயம் சார்" என்பார்கள். அந்த இன்னொரு விஷயத்துக்காகத்தான் வந்திருப்பார்கள். நீங்கள் நேராக எழுதியிருப்பதே பெரிய உதவி. ஆனாலும் தொட்டுப் பார்க்காமல் நரம்பு நோயைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே இதை நோய்க்கணிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கே போக வேண்டும், எவ்வளவு சீக்கிரம் போக வேண்டும் என்று முடிவு செய்ய இது உதவும்.

முதலில் ஓர் ஆபத்தை ஒதுக்கிவிட வேண்டும். மரமரப்பு ஆண்குறியோடு நிற்காமல், விதைப்பையின் பின்பக்கம், ஆசனவாயைச் சுற்றி, பிட்டத்தின் உள்பக்கம் என்று சைக்கிள் சீட் படும் இடம் முழுவதும் பரவியிருக்கிறதா? மலம் கழித்துக் கழுவும்போது கை படுவது தெரியாமல் இருக்கிறதா? சிறுநீர் வருவது தெரியாமல் இருக்கிறதா, முக்கித்தான் போக வேண்டியிருக்கிறதா, நாள் முழுக்கப் போகாமல் இருந்தாலும் முட்டுகிற உணர்வே இல்லையா, தெரியாமல் கசிகிறதா? மலமோ வாயுவோ அடக்க முடியாமல் போகிறதா? இரண்டு கால்களிலும் ஒரே சமயம் வலியோ பலவீனமோ வந்திருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் இதற்கு மேல் படிக்க வேண்டாம். இன்றைக்கே, இரவானாலும், எம்ஆர்ஐ ஸ்கேனும் முதுகெலும்பு அறுவை சிகிச்சை வசதியும் உள்ள ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தண்டுவடம் முதுகெலும்பின் கடைசி வரை போவதில்லை. பெரியவர்களுக்கு அது இடுப்பின் முதல், இரண்டாம் எலும்புகளுக்கு இடையில் முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்பு வேர்கள் தனித்தனி இழைகளாகக் குதிரை வால்போலத் தொங்கும். மருத்துவத்தில் இதற்குப் பெயரே 'காடா எக்வைனா', அதாவது குதிரை வால். இந்தக் கற்றையில் காலுக்குப் போகும் வேர்கள் ஓரமாகவும், பிறப்புறுப்பு, சிறுநீர்ப்பை, ஆசனவாய்க்குப் போகும் வேர்கள் நடுவிலும் இருக்கும். கீழ் இடுப்பில் ஜவ்வு பக்கவாட்டில் பிதுங்கினால் ஓரத்து வேரை அழுத்திக் கால் முழுக்க வலிக்கும். நேராக நடுவில் பெரிதாகப் பிதுங்கினால் நடு வேர்கள் நசுங்கும். அப்போது கால் பலமாகவே இருக்கலாம், நடையில் குறை தெரியாமலும் இருக்கலாம். நடக்க முடிகிறதே, பெரிதாக ஒன்றும் இருக்காது என்று பலர் வீட்டிலேயே இருந்துவிடுவது இதனால்தான்.

பட்டமேற்படிப்பில் இருந்தபோது ஒரு லாரி ஓட்டுநரைப் பார்த்தேன். நீண்ட நாள் முதுகுவலிக்காரர். திடீரென்று ஒரு நாள் உட்காரும் இடம் மரத்திருக்கிறது. ஐந்து நாள் பொறுத்திருக்கிறார். சிறுநீர் சொட்டுச்சொட்டாகப் போனதை நீர்க்கடுப்பு என்று நினைத்து இளநீரும் மோரும் குடித்துக்கொண்டிருந்தார். எங்களிடம் வந்தபோது வயிறு தொப்புள் வரை உப்பியிருந்தது. குழாய் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வந்தது, அவருக்கோ வலியே இல்லை. வலியில்லாமல் சிறுநீர் தேங்குவது ஆறுதலான விஷயம் இல்லை, அதுதான் மிகவும் மோசமான அறிகுறி. அறுவை சிகிச்சை நடந்தது. கால்கள் கடைசி வரை நன்றாகவே இருந்தன. சிறுநீர்ப்பை மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. முதல் நாளே வந்திருந்தால் என்று நினைக்காமல் அவரை இன்றும் நினைவுகூர முடிவதில்லை. அழுத்தத்தை 48 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் பலன் கூடுதல் என்று 2000-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. 24 மணி நேரத்துக்குள் எடுத்தால் இன்னும் மேலா என்பதில் அறுவை மருத்துவர்களிடையே இன்றும் வாதம் இருக்கிறது. தள்ளிப்போடுவது கெடுதல் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

சரி, உங்களுக்கு மேலே கேட்ட எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

ஆண்குறியின் தோலுணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோவது புடெண்டல் நரம்பு. முதுகெலும்பின் அடியில் உள்ள முக்கோண எலும்பிலிருந்து எஸ்2, எஸ்3, எஸ்4 என்ற மூன்று வேர்கள் சேர்ந்து இது உருவாகிறது. பிட்டத்தின் ஆழத்தில் இடுப்புக்கூட்டை விட்டு வெளியே வந்து, இரண்டு தசைநார்களுக்கு நடுவில் ஓர் எலும்பு முனையைச் சுற்றிக்கொண்டு மறுபடி உள்ளே நுழைகிறது. பிறகு, அயர்லாந்துக்காரரான பெஞ்சமின் ஆல்காக் 1836-இல் விவரித்த ஒரு குறுகிய கால்வாய்க்குள் ஓடுகிறது. அதன் கிளைகள் மூன்று. ஒன்று ஆசனவாய்க்கு, ஒன்று விதைப்பையின் பின்பக்கத்துக்கும் அதற்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள இடத்துக்கும், மூன்றாவது ஆண்குறியின் மேல்புறமாக ஓடி மொட்டு வரை.

விதைப்பையின் முன்பக்கமும் ஆண்குறி உடலோடு சேரும் இடமும் இந்த நரம்பின் எல்லைக்குள் வராது. அவை இடுப்பின் மேல்பகுதியிலிருந்து அடிவயிறு வழியாக இறங்கும் வேறு இரண்டு நரம்புகளின் இடம். குடலிறக்க அறுவை சிகிச்சைக்குப் பிறகு விதைப்பையின் முன்பக்கமும் தொடையின் உள்பக்கமும் மரத்துப்போவது அந்த நரம்புகளால். விதையை அழுத்தினால் வரும் வலியோ இன்னும் மேலே, தண்டுவடத்தின் மார்புப் பகுதிக்குப் போகிறது. இன்னொன்றையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். தொடையின் வெளிப்பக்கம் மட்டும் மரத்து எரிந்தால் அது பெல்ட்டோ இறுக்கமான ஜீன்ஸோ தொப்பையோ அழுத்தும் வேறொரு நரம்பு. அதற்கும் ஆண்குறிக்கும் தொடர்பில்லை.

ஆகவே மரத்துப்போன இடத்தின் எல்லைதான் எங்களுக்கு வழிகாட்டி. அதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். கொஞ்சம் பஞ்சு, ஃபிரிட்ஜில் வைத்த ஒரு எவர்சில்வர் கரண்டி, இரண்டும் போதும். ஊசி வேண்டாம். முதலில் தொடையில் வைத்துப் பாருங்கள், அதுதான் உங்கள் அளவுகோல். பிறகு மொட்டு, தண்டின் மேல்புறம், கீழ்ப்புறம், விதைப்பையின் முன், பின், ஆசனவாயைச் சுற்றி, இடம் வலம் இரண்டும். எங்கே தெரிகிறது, எங்கே குறைகிறது, எங்கே அறவே இல்லை என்று ஒரு தாளில் படம் வரைந்து குறித்துக்கொள்ளுங்கள். நான்கு வாக்கியத்தில் தயங்கித் தயங்கிச் சொல்வதைவிட அந்தத் தாள் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

இன்னொரு பிரிவினையும் தெரிந்துகொள்ள வேண்டும். தொடு உணர்ச்சி, விறைப்பு, விந்து வெளியேறுதல் மூன்றையும் நாம் ஒன்றாகப் பேசுகிறோம், ஆனால் வயரிங் வேறு வேறு. தொடு உணர்ச்சி புடெண்டல் நரம்பின் வேலை. விறைப்புக்கான கட்டளை அதே எஸ்2 முதல் எஸ்4 வரையிலிருந்து கிளம்பினாலும், புராஸ்டேட்டை ஒட்டி ஓடும் மெல்லிய தன்னியக்க நரம்புகள் வழியாக வருகிறது. விந்து வெளியேறத் தண்டுவடத்தில் இதற்கு மேலே உள்ள பகுதியும் சேர வேண்டும். அதனால் உணர்ச்சி குறைந்தும் காலை விறைப்பு சரியாக இருக்கலாம். புராஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பலருக்கு இதற்கு நேர்மாறாக, விறைப்பு போய்த் தோலுணர்ச்சி அப்படியே இருக்கும். உங்களுக்குக் காலை விறைப்பு இருக்கிறது என்பது நல்ல சேதி. அந்தத் தன்னியக்க நரம்புகளும் ரத்த ஓட்டமும் பெரிதாகக் கெடவில்லை என்று பொருள்.

உங்கள் கதையில் முதல் சந்தேகம் சைக்கிள் மேல்தான். உட்காரும்போது எடையைத் தாங்க இடுப்பின் அடியில் இரண்டு எலும்புகள் இருக்கின்றன. நாற்காலியில் அவைதான் தாங்கும். பந்தய சைக்கிளில் முன்னால் குனியும்போது இடுப்பு முன்பக்கம் சாய்ந்து, எடை சீட்டின் மூக்குப் பகுதிக்குப் போய்விடும். அங்கே இருப்பது நரம்பும் ரத்தக் குழாயும்தான். நார்வேயில் 540 கிலோமீட்டர் ஓட்டும் ஒரு பந்தயத்தில் கலந்துகொண்டவர்களைக் கேட்டு 1997-இல் ஓர் ஆய்வு வெளியானது. பதிலளித்த 160 ஆண்களில் 22 சதவீதம் பேருக்கு இந்தப் பகுதியில் மரமரப்பு போன்ற தொந்தரவுகள் இருந்தன, 13 சதவீதம் பேருக்கு விறைப்புக் குறைவு. சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தது. அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து போகும் 90 போலீஸ்காரர்களுக்கு மூக்கில்லாத சீட் கொடுத்து ஆறு மாதம் கவனித்த ஆய்வு 2008-இல் வந்தது. சைக்கிள் ஓட்டும்போது மரமரப்பே வரவில்லை என்றவர்கள் தொடக்கத்தில் 27 சதவீதம், ஆறு மாதம் கழித்து 82 சதவீதம். சீட்டை மாற்றினால் மரமரப்பு குறைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் தேவையில்லை. சைக்கிள் ஓட்டுவதால் நிரந்தர ஆண்மைக் குறைவு வருமா என்பது வேறு கேள்வி. அதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, நானும் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

மூன்று வாரமாகத் தெளியவில்லை என்பதால் முழுதாகத் திரும்பும் வரை சைக்கிளைத் தொட வேண்டாம். ஜிம்மில் நிற்கும் சைக்கிளும் அதே கணக்குதான். பிறகு தொடங்கும்போது கடைக்காரர் தருகிற தடித்த ஜெல் உறையை நம்பாதீர்கள். உட்காரும் எலும்பு அதில் புதைந்து, ஜெல் நடுவில் எழும்பி அதே இடத்தை அழுத்தும். எலும்புகளின் அகலத்துக்குப் பொருந்துகிற, நடுவில் பள்ளம் உள்ள சீட்டோ மூக்கில்லாத சீட்டோ வாங்குங்கள். மூக்கைச் சற்றே கீழே சாய்த்து, ஹேண்டில்பாரை உயர்த்தி, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பெடலில் எழுந்து நில்லுங்கள். மரமரப்பு ஆரம்பித்த அந்த நொடியே நிறுத்த வேண்டும். முன்பு ஒரு மணி நேரத்தில் தெளிந்தபோது நரம்பு எச்சரித்துக்கொண்டிருந்தது.

நீங்கள் படித்துவிட்டு வந்த 'புடெண்டல் நரம்பு சிக்கல்' பற்றி ஒரு வார்த்தை. உட்கார்ந்தால் எரியும் வலி, எழுந்தால் குறையும், படுத்தால் இல்லை என்று வருகிறவர்கள் உண்டு. இதை அடையாளம் காண பிரான்சின் நாந்த் நகரத்து மருத்துவர்கள் 2008-இல் ஐந்து அளவுகோல்களை வெளியிட்டார்கள். இந்த நரம்பின் எல்லைக்குள் வலி, உட்கார்ந்தால் அது கூடுவது, வலியால் இரவில் தூக்கம் கலையாதது, நரம்பைச் சுற்றி மரப்பு ஊசி போட்டால் வலி அடங்குவது என்ற நான்கோடு, பரிசோதனையில் தோலுணர்ச்சி குறைந்திருக்கக் கூடாது என்பதும் அதில் ஒன்று. இணையத்தில் படிப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்தக் கடைசி வரியைத்தான். பஞ்சு வைத்தால் உண்மையிலேயே தெரியவில்லை என்றால், கால்வாயில் நரம்பு சிக்கியிருக்கிறது என்று சொல்லி ஊசிக்கும் அறுவை சிகிச்சைக்கும் ஓடுவதற்கு முன் மேலே, வேரிலும் தண்டுவடத்திலும் பார்த்தாக வேண்டும். சைக்கிள் அழுத்தம் மட்டும் இதற்கு விலக்கு, அது உண்மையிலேயே மரக்க வைக்கும்.

மேலே என்றால் என்னென்ன? ஜவ்வு விலகலைச் சொல்லிவிட்டேன். உங்கள் இரண்டு வருட இடுப்பு வலியால் அதை ஸ்கேன் எடுத்து ஒதுக்கிவிடுவது நல்லது என்பது என் கருத்து. தண்டுவடத்தின் நுனியிலோ குதிரைவால் கற்றையிலோ மெதுவாக வளரும் கட்டிகள் அரிது, ஆனால் உண்டு. நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயை மறக்கக் கூடாது. இரவில் எழுப்பும் முதுகுவலி, மாலைக் காய்ச்சல், எடை குறைதல் இருந்தால் அதைத் தேட வேண்டும். தண்டுவடத்தில் நோய் எதிர்ப்பு அணுக்களே தாக்கி வரும் வீக்கம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்றவை இளம் வயதிலும் வரும். அவற்றில் மரமரப்பு பெரும்பாலும் காலிலோ வயிற்றைச் சுற்றிப் பட்டைபோலவோ சேர்ந்து வரும். ஹெர்பிஸ் கிருமியும் அக்கியும் இந்த வேர்களைத் தாக்கலாம், கொப்புளம் வந்ததா என்று கேட்பது அதற்காகத்தான். ஸ்கேனில் 'டார்லோவ் நீர்க்கட்டி' என்று எழுதி வந்தால் உடனே பதற வேண்டாம். 1938-இல் விவரிக்கப்பட்ட இவை, வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிபவை. பெரும்பாலும் எதுவும் செய்யாது.

சர்க்கரை நோயைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டதால் சொல்கிறேன். சர்க்கரையால் வரும் நரம்புக் கேடு நீளமான நரம்பில் தொடங்கும், அதாவது பாதத்தில். செருப்பு நழுவுவது தெரியாமை, உள்ளங்கால் எரிச்சல் என்று ஆரம்பித்து மேலே ஏறும். பாதம் நன்றாக இருக்க, ஆண்குறி மட்டும் மூன்று வாரத்தில் மரத்துப்போவதைச் சர்க்கரையின் தலையில் போட எனக்கு மனம் வராது. விறைப்பைச் சர்க்கரை கெடுக்கும் என்பது முழு உண்மை, அது தன்னியக்க நரம்பும் ரத்தக் குழாயும் சம்பந்தப்பட்டது. எப்படியும் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியையும், வைட்டமின் பி12 அளவையும் பாருங்கள். சைவ உணவுக்காரர்களுக்கும் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறையும், குறைந்தால் நரம்பும் தண்டுவடமும் கெடும். குறைந்தவர்களுக்கு அந்த ஊசியோ மாத்திரையோ மிகுந்த பலன் தரும். குறையாதவருக்கு அதனால் நரம்பு வலுவடையாது.

அப்புறம் நீங்கள் சாப்பிடும் அந்த நரம்பு மாத்திரை. அட்டையை எடுத்துப் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிரீகாபாலின் இருந்தால், அது நரம்பு வலிக்கான மருந்து. போன உணர்ச்சியைத் திருப்பித் தராது, சிலருக்குப் பாலுணர்வையே மந்தமாக்கும். வைட்டமின் பி6 அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் அதுவே உணர்ச்சி நரம்பைக் கெடுக்கும். மரமரப்புக்கு என்று வாங்கியது மரமரப்பைக் கூட்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மருந்துகளில் இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், ஃபுளுவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின் போன்றவை பிறப்புறுப்பு உணர்ச்சியைக் குறைக்கலாம், சிலருக்கு ஆரம்பித்த சில நாள்களிலேயே. நிறுத்திய பிறகும் நீடிக்கலாம் என்பதை ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-இல் ஏற்று எச்சரிக்கைச் சீட்டில் சேர்க்கச் சொன்னது. எவ்வளவு பேருக்கு நீடிக்கிறது, நரம்பிலா மூளையிலா என்பது இன்னும் தெளிவாகவில்லை. நீங்கள் இவற்றைச் சாப்பிட்டால் திடீரென்று நிறுத்தாதீர்கள், எழுதித் தந்தவரிடம் பேசுங்கள். மற்றொன்று, 'நேரம் நீட்டிக்க' என்று விற்கும் ஸ்பிரே. அதில் இருப்பது பல் மருத்துவர் ஊசியில் போடும் அதே மாதிரி மரப்பு மருந்து. இதைப் பயன்படுத்துவதை மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, தேவையில்லாத ஸ்கேன்கள் எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

சமீபத்தில் இடுப்பிலோ தொடையெலும்பிலோ அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அப்போது காலை இழுத்துக் கட்டும் மேசையில் தொடைகளுக்கு நடுவே ஒரு கம்பம் இருக்கும். அது சைக்கிள் சீட்டைப் போலவே அழுத்தி அதே மரமரப்பைத் தரும். பெரும்பாலும் வாரங்களிலோ மாதங்களிலோ தெளியும்.

இப்போது கைப்பழக்கம். இதால் நரம்பு தளராது, கெடாது. விந்து வெளியேறுவதால் எந்த நரம்பும் பலவீனமாவதில்லை. இதை நான் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன். மிக இறுக்கமாகப் பிடித்துப் பழகினால் மென்மையான தொடுகை கொஞ்ச நாள் போதாததுபோலத் தெரியலாம், சில வாரம் விட்டால் சரியாகும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. 'நரம்புத் தளர்ச்சி' என்று பேருந்து நிலையச் சுவர்களில் எழுதி, மாதம் ஒரு நாள் லாட்ஜில் அறை எடுத்துப் பார்ப்பவர்கள் சொல்லும் நோய் எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. அவர்களிடம் கொடுத்த பணத்தைவிட, அங்கே போன மாதங்களில் கைவிட்டுப்போன சிகிச்சைதான் எனக்கு வருத்தம். நிஜ நரம்பு நோய் இருந்த இளைஞர்கள் சிலர் அந்த வார்த்தையை நம்பி லேகியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பரிசோதனைக்குப் போனால் என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் பயம் குறையும். மருத்துவர் பஞ்சாலும் மழுங்கிய முனையாலும் தொட்டுப் பார்ப்பார். ஆசனவாயில் விரல் வைத்து இறுக்கம் பார்ப்பார், மொட்டை மெல்ல அழுத்தினால் அங்கே தசை சுருங்குகிறதா என்று பார்ப்பார். அந்த அனிச்சைச் செயல் எஸ்2 முதல் எஸ்4 வரை உள்ள சுற்று ஓடுகிறதா என்று நேரடியாகக் காட்டும். கூச்சமாக இருக்கும், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். சிறுநீர் கழித்த பிறகு எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று வயிற்று ஸ்கேனில் பார்ப்பார்கள், 200 மில்லிக்கு மேல் நின்றால் நாங்கள் உஷாராவோம். அடுத்து இடுப்புப் பகுதி எம்ஆர்ஐ. கால்களில் ஷாக் கொடுத்துச் செய்யும் நரம்புக் கடத்தல் சோதனை இதில் ஏமாற்றலாம், ஏனென்றால் அது புடெண்டல் நரம்பைத் தொடுவதே இல்லை. 'நார்மல்' என்று வந்தால் கால் நரம்பு நார்மல், அவ்வளவுதான். புடெண்டல் நரம்புக்கென்று தனிச் சோதனைகள் உண்டு, சில பெரிய மையங்களில் செய்கிறார்கள், அவற்றின் முடிவை மட்டும் வைத்து நான் எதையும் தீர்மானிப்பதில்லை.

திரும்ப வருமா என்ற கேள்விக்கு வருகிறேன். நரம்புக் காயத்தை ஹெர்பர்ட் செடன் 1943-இல் மூன்றாகப் பிரித்தார், இன்றும் அதையே பயன்படுத்துகிறோம். உறை மட்டும் நசுங்கியிருந்தால் நாள்களிலோ வாரங்களிலோ திரும்பும். சைக்கிளால் வருபவற்றில் பெரும்பாலானவை இந்த வகைதான். உள்ளிழை அறுந்து உறை மிஞ்சியிருந்தால் இழை மறுபடி வளர வேண்டும், நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். அழுத்தம் பட்ட இடத்திலிருந்து மொட்டு வரை 20 சென்டிமீட்டர் என்றால் 200 நாள். திரும்பும்போது முதலில் ஊசி குத்துவதுபோல, மின்சாரம் பாய்வதுபோலக் கூச்சம் வரும், பயப்படாதீர்கள். முழு நரம்பும் அறுபட்டால்தான் தானாகத் திரும்பாது, அது சைக்கிளில் நடப்பதில்லை. மூன்று வாரம் என்பது இன்னும் கைமீறிப்போன காலம் இல்லை.

தினமும் பத்து முறை தொட்டுப் பார்த்துச் சோதிக்காதீர்கள். இதை மனப்பிரமை என்று நான் சொல்லவில்லை, நரம்பு நிஜமாகவே அடிபட்டிருக்கலாம். ஆனால் பயத்தோடு கவனித்துக்கொண்டே இருந்தால் இருக்கிற உணர்ச்சியும் குறைந்ததுபோலத் தெரியும். வாரம் ஒரு முறை, அதே கரண்டி, அதே படம் போதும்.

மரமரப்பு அதே இடத்தில் நின்றாலும் இந்த வாரத்துக்குள் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பரவினால் அந்த வாரம்கூட வேண்டாம். மனைவியிடம் இன்றே சொல்லிவிடுங்கள். நீங்கள் நெருங்காமல் இருப்பதற்கு அவர் தன்னிடம் ஏதோ குறை என்று காரணம் தேடிக்கொண்டிருக்கலாம். தவிர, ராத்திரியில் சிறுநீர் நின்றுபோனால் உங்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டியவரும் அவர்தான். மருத்துவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், "ஆண்குறி மூன்று வாரமாக மரத்திருக்கிறது, சைக்கிள் ஓட்டுவேன், இடுப்புவலி உண்டு, சிறுநீரும் மலமும் சரியாகப் போகிறது" என்று உட்கார்ந்ததும் சொல்லிவிட்டு, அந்தப் படத்தை மேசை மேல் வையுங்கள்.